பதிவு செய்யப்பட்ட எண்

ஒன்பது நாற்பதுக்கு மஸ்தான் பாய் மணியடித்தார்.
மணி என்றால் மணியில்லை,
காலி சிலிண்டரில் ஸ்பேனரால் ரெண்டு தட்டு.
புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்கோடிவரை கேட்கும்.
"நம்பர் சொல்லு சார்."

நம்பர் கார்க் நகரத்தில் இருக்கிறது.
அங்கே விடிகாலை நாலு பத்து.
ஜெசிந்தா யாரோ ஒரு கிழவரின் கையில்
பட்டை சுற்றி அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பாள்.
போன் லாக்கரில்.
எங்கள் நாலு இலக்கம் அந்த இருட்டுக்குள்
ஒருமுறை அதிர்ந்து அடங்கியிருக்கும்.

இணைப்பு அவள் பெயரில்.
கல்யாணமான புதிதில் அவள்தான் ஏஜென்சி வரிசையில் நின்றாள்.
எனக்கு அன்று துறைமுகத்தில் ரெண்டாம் ஷிப்ட்.
போவதற்கு முன்பே எண்ணை மாத்திடு என்றாள்.
பார்க்கலாம் என்றேன்.
பார்த்துக்கொண்டே மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறேன்,
இந்த வீட்டில் ஒலிக்காத ஒரு எண்ணுக்கு.

பாய் பத்து நிமிஷம் நின்றார்.
"சவுதில ஒரு வூடு, கனடால ரெண்டு வூடு.
இந்தத் தெருல பாதி சிலிண்டரு
பிளேன் ஏறி எறங்கித்தான் அடுப்புக்கு வருது."
நிறைந்ததைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.
காற்று திரும்பி மணலி வாடை வந்தது.
மூக்கு நிறைய வாயு.
ஷெரின் மூன்றாம் நாளாகத் தள்ளுவண்டி இட்லி தின்று
பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

அங்கே அவளுக்கு
கரன்ட் கேட்டால் முகவரிச் சான்று கொண்டுவா என்றார்களாம்.
எது சான்று என்றால்
கரன்ட் பில் என்றார்களாம்.
சொல்லிச் சிரித்தபோது அவளுக்கு மூக்கடைத்திருந்தது.
கடைசியில் கிடைத்தது காசு போட்டால் எரியும் மீட்டர்.
மூலைக்கடையில் அட்டை நீட்டி இருபது யூரோ ஏற்ற வேண்டும்.
முதல் வாரம் அதை ரூபாயாக்கி ரூபாயாக்கி
ஹீட்டர் போடாமலே படுத்தாள்.

வெந்நீருக்குத் தனி ஸ்விட்ச், சிவப்பு விளக்கோடு.
அணைக்க மறந்தால் விடிவதற்குள் காசைக் குடித்துவிடும்.
அவள் மறப்பாள்.
இங்கேயும் மோட்டாரை மறப்பாள்,
தொட்டி வழிந்து கீழ்வீட்டுக் கோமளவல்லி கத்துவாள்.
அங்கே வழிவது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.
கத்தவும் ஆளில்லை.

மூன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.
எப்படியும் நாலு மணிக்கு மெட்ரோ தண்ணி வரும்,
குடங்களை வரிசையில் போட எழத்தான் வேண்டும்.
அவளுக்கு அது இரவு பத்து.
"அணைச்சியா?"
"அணைச்சிட்டேன்."
அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச் சத்தம் கேட்கும்.

போன வாரம் கரன்ட் பில் வந்தது, என் அப்பா பெயருக்கு.
சூசைமாணிக்கம் செத்து ஒன்பது வருஷம்.
ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை அவருக்கு வரும் குறுஞ்செய்தியை
என் போனில் நான் படிக்கிறேன்.
இந்தத் தடவை நூற்றுப்பத்து யூனிட் குறைவு.
என்ன ஓடாமல் போயிற்று என்று யோசித்தேன்:
மிக்சி, இஸ்திரிப் பெட்டி,
ராத்திரி அவள் படிக்கிற டேபிள் லைட்.
பணத்தைக் கட்டிவிட்டேன். மிச்சமான ரூபாயை
என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரெண்டு மணிக்கு மறுபடி ஸ்பேனர்.
அதே நேரம் அவள் கால்.
பஸ்ஸில் இருக்கிறாள், பின்னால் ஒரு பெண்குரல்
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறது.
"எழுதிக்கோ. ஏழு. ஒண்ணு. ஒண்ணு. நாலு."
ஸ்பீக்கரில் கேட்டுப் பாயே அழுத்திக்கொண்டார்.
"இன்னாம்மா, அங்க செம குளிரா?"
"பாய், வாஷர் பாத்துக் குடுங்க. போன தபா லீக்கு."

சோப்புத் தண்ணியைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார்.
நான் குனிந்தேன்.
பாயும் குனிந்தார்.
போனில் பஸ் கதவு திறந்து மூடியது.
"முட்டை வருதா?"
"இரு, பாக்குறோம்."